“இது என் தகுதிக்கு அப்பாற்பட்டது”: ஆலோசனை அறையில் வெளிப்பட்ட பாலீர்ப்புப் பாகுபாடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் எவரையும் இனங்காண முடியாதபடி விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. ஆலோசனை பெற்றவர், அவருக்கு ஆலோசனை அளித்தவர், இடையில் பாதிக்கப்பட்ட உடன்பணியாளர் ஆகிய மூவரும் வரைவைப் படித்துத் தத்தம் திருத்தங்களைச் சொல்லி, பயிற்சிக்குப் பயன்படுத்த ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். இதை எழுதும் நான் அந்த மையத்தில் ஆலோசகர்களின் பணியை மேற்பார்வை செய்பவர்.

பின்னணி

பல ஆலோசகர்கள் பணிபுரியும் ஓர் உளவள ஆலோசனை மையத்தில் இது நிகழ்ந்தது. அங்கே ஒவ்வொரு ஆலோசகரும் தம் அமர்வுகளைப் பற்றி மேற்பார்வையாளரிடம் முறையாகப் பேசியாக வேண்டும். ஆலோசனை பெறுபவர் எழுத்தில் இசைந்தால் அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்படும்.

இந்நிகழ்வின் மையத்தில் இருக்கும் ஆலோசகர் நீண்ட அனுபவம் உடையவர். இழப்பின் துயரில் இருப்பவர்களோடு பணிபுரிவதே அவருடைய சிறப்புத் துறை. கென்னத் டோகா 1989இல் முன்வைத்த ‘அங்கீகரிக்கப்படாத துயரம்’ என்னும் கருத்தை, அதாவது வெளிப்படையாகத் துக்கப்படும் உரிமையைச் சுற்றியுள்ளோர் ஒருவருக்குத் தராதபோது அவர் தனியே சுமக்கும் இழப்பைப் பற்றிய பாடத்தை, பயிற்சி ஆலோசகர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துபவரும் அவரே. பாலீர்ப்பைப் பற்றி, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர்மீது ஈர்ப்பு என்பதைப் பற்றி, வெறுப்பாகவோ ஏளனமாகவோ அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: பாகுபாடு என்றவுடன் கடுஞ்சொல்லையும் முகச்சுளிப்பையும் தேடுபவர்களுக்கு இந்த நிகழ்வில் எதுவும் அகப்படாது.

ஆலோசனை நாடி வந்தவர் இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஓர் ஆண். தூக்கமின்மை, பணியில் கவனம் சிதறுதல், காரணமின்றி வரும் அழுகை ஆகியவற்றைப் பதிவுப் படிவத்தில் குறிப்பிட்டிருந்தார். மணமானவரா, மணமாகாதவரா என்று மட்டுமே அந்தப் படிவம் கேட்டது. மணமாகாதவர் என்று அவர் நிரப்பியிருந்தார்.

அமர்வுகளில் காணப்பட்டவை

முதல் அமர்வில் அவர் நெருக்கமான ஒருவர் தம்மை விட்டுப் பிரிந்து வேறு ஊருக்குச் சென்றுவிட்டதாகச் சொன்னார். ஆலோசகர் உடனே, “அந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும்?” என்று கேட்டார். பதிவில் சில நொடிகள் மௌனம் கேட்கிறது. பிறகு, “ஐந்து வருடம்” என்று மட்டும் விடை வருகிறது. அவர் திருத்தவில்லை, முதல் சந்திப்பிலேயே திருத்தும் துணிவு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. இந்த ஒரு கேள்வியைத் தவிர்த்துப் பார்த்தால் அந்த அமர்வு சிறப்பாகவே நடந்தது. தூக்கம், உணவு, தற்கொலை எண்ணம் உண்டா என்பது வரை எல்லாவற்றையும் ஆலோசகர் பொறுமையாகக் கேட்டறிந்திருந்தார்.

இரண்டாம் அமர்வில், பிரிந்து சென்றவர் ஓர் ஆண் என்பதை அவர் சொன்னார். அந்த உறவு குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றும், அதனால் தம் அழுகைக்குக் காரணம் சொல்லக்கூட ஆள் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஆலோசகர் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. ஆனால் அதற்கு அடுத்து வந்த கேள்வி, “உங்கள் அப்பாவோடு உங்களுக்கு நெருக்கம் எப்படி?” என்பது.

அந்த இடத்திலிருந்து உரையாடலின் பொருள் மாறிவிட்டது. மூன்றாம் அமர்வு முழுவதும் குழந்தைப் பருவம், தந்தையின் கண்டிப்பு, இந்த உணர்வு முதலில் எப்போது தோன்றியது, பெண்களோடு பழக வாய்ப்பு இருந்ததா என்ற வினாக்களால் நிரம்பியிருந்தது. கேள்விகள் மென்மையான குரலில், அவசரமின்றி, தொழில்முறை ஒழுங்கோடு கேட்கப்பட்டன. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவுமே தவறான வினா என்று சொல்லிவிட முடியாது; தந்தையோடு உள்ள உறவை ஆலோசகர்கள் பலரிடமும் கேட்பதுண்டு. ஆனால் துணைவியைப் பிரிந்து துயருறும் ஓர் ஆணிடம், ‘பெண்கள்மீது உங்களுக்கு ஈர்ப்பு எப்போது தொடங்கியது, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று இதே ஆலோசகர் கேட்டதாக அவருடைய பழைய பதிவுகள் எதிலும் இல்லை. ஒருவர் தம் இழப்பைக் கொண்டுவந்தார். அவருடைய ஈர்ப்பே விளக்கம் தேவைப்படும் சிக்கலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நான்காம் அமர்வில் அவரே, “இதை மாற்றிக்கொள்ள முடியுமா?” என்று கேட்டார். ஆலோசகரின் மறுமொழி, “அது உங்கள் விருப்பத்தையும் முயற்சியையும் பொறுத்தது.” கேட்பதற்கு இது நடுநிலையாகத் தோன்றும். ஆனால் உண்மை நிலையை அறிந்த ஒரு தொழில்முறையாளர் சொல்லக்கூடாத விடை இது. மாற்றம் சாத்தியம் என்ற செய்தியையும், மாறாவிட்டால் முயற்சி போதவில்லை என்ற பழியையும் அது ஒருங்கே கேட்பவர்மேல் சுமத்துகிறது. ஐந்தாம் அமர்வுக்கு அவர் வரவில்லை.

குறிப்பேட்டிலும் இதே போக்கைக் காணலாம். முதல் அமர்வின் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டிருந்தது. நான்காம் அமர்வின் குறிப்பு சில வரிகளில் முடிந்துவிட்டது. பிரிவைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

மாற்றி அனுப்பும் கோரிக்கை

அவர் வராமல் போன வாரத்திலேயே, இவரை வேறு ஆலோசகரிடம் மாற்றிவிட வேண்டும் என்று ஆலோசகர் எழுத்தில் கேட்டார். “இது என் தகுதிக்கு அப்பாற்பட்டது” என்பதே அவர் எழுதிய காரணம்.

தகுதி இல்லாத துறையில் பணிபுரியக்கூடாது என்பது எல்லா நெறிமுறைகளிலும் உள்ள விதி என்பதால், இந்தக் கோரிக்கை மேலோட்டமாகப் பார்த்தால் பொறுப்புணர்வின் அடையாளமாகவே படும். எனவே அது தகுதி பற்றியதா, விழுமியம் பற்றியதா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அதற்கு அவருடைய பணி வரலாறே உதவியது. கருவிலேயே குழந்தையை இழந்த பெற்றோர் முதன்முதலாக அவரிடம் வந்தபோது அவருக்கு அதில் பயிற்சி இல்லை. அவர் நூல்களைத் தேடிப் படித்தார், துறை வல்லுநரிடம் கலந்து பேசினார், கூடுதல் மேற்பார்வை கேட்டுப் பெற்றார். அறியாத ஒன்றைச் சந்தித்த ஒவ்வொரு முறையும் அவர் கற்றிருக்கிறார். மாற்றி அனுப்பக் கேட்டது இந்த ஒருமுறைதான். அறியாமை இரு இடத்திலும் ஒன்றுபோல இருக்க, எதிர்வினை மட்டும் வேறுபடுமானால், அந்த வேறுபாட்டுக்குத் தகுதியின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அமெரிக்க ஆலோசனைச் சங்கம் 2014இல் திருத்திய நெறிமுறையில், ஆலோசகர் தம் சொந்த விழுமியங்களையும் நம்பிக்கைகளையும் மட்டும் காரணமாகக் கொண்டு ஒருவரை மாற்றி அனுப்பக்கூடாது என்ற விதி வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. அதற்குப் பின்னணியில் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுந்த வழக்கு ஒன்று உண்டு. தன்பாலீர்ப்பாளர் ஒருவருக்கு அவருடைய உறவைப் பற்றி ஆலோசனை வழங்கத் தம் சமய நம்பிக்கை இடம் தராது என்று கூறி அவரை மாற்றி அனுப்பக் கேட்ட மாணவி ஒருவர் 2009இல் படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் மேலும் விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது; பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. எதிர்த்திசையிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது: டென்னசி மாநிலம் 2016இல், உளமார்ந்த கொள்கைகளின் அடிப்படையில் ஆலோசகர் மறுக்கலாம் என்று சட்டம் இயற்றியது, அதைக் கண்டித்து அச்சங்கம் தன் 2017ஆம் ஆண்டு மாநாட்டை நாஷ்வில் நகரிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியது. ஆகவே தொழில் முழுவதும் இதில் ஒருமித்த கருத்தோடு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை.

கலந்தாய்வுக் கூட்டத்தில் நடந்தது

கோரிக்கை, பெயர் குறிப்பிடாமல், வாராந்தரக் கலந்தாய்வில் வைக்கப்பட்டது. அங்கே மூத்த ஆலோசகர் ஒருவர், குறிப்பிட்ட ஓர் இளம் ஆலோசகரின் பெயரைச் சொல்லி, “அவரிடம் கொடுத்துவிடலாமே, அவருக்கு இதெல்லாம் நன்றாகப் புரியும்” என்றார். சிலர் தலையசைத்தார்கள். பெயர் சொல்லப்பட்டவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அவர் என்னைத் தனியே சந்தித்தார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மையத்தில் ஒரேயொருவரிடம், நம்பிக்கையின்பேரில் சொல்லியிருந்ததாகவும், முந்தைய நாள் கூட்டத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டதை உணர்ந்ததாகவும் சொன்னார். தம்முடைய பயிற்சி பதின்பருவத்தினரின் பதற்றக் கோளாறுகளில்தான் என்றும், துயர ஆற்றுகையில் தமக்குத் தனித் தேர்ச்சி இல்லை என்றும் குறிப்பிட்டார். கூட்டத்தில் யாரும் தம்மிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது விஷயத்தை மேலும் பரப்பும் என்பதே அவருடைய வேண்டுகோள்.

ஆலோசனை அறைக்குள் நடந்ததைவிட இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒருவரின் ஈர்ப்பையே அவருடைய நிபுணத்துவமாகக் கருதி வேலை ஒதுக்குவது, பாராட்டின் தோரணையில் செய்யப்பட்டாலும், அவரை ஆலோசகராகக் காணாமல் ஒரு வகைமையின் பிரதிநிதியாகக் காண்பதே ஆகும். அதே தருக்கத்தின்படி மற்ற ஆலோசகர்கள் அனைவருக்கும், தன்பாலீர்ப்பாளர்களோடு பணிபுரியக் கற்க வேண்டிய பொறுப்பிலிருந்து விலக்கும் கிடைத்துவிடுகிறது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆலோசனை பெறுபவரின் நலனையும் ஆலோசகரின் கோரிக்கையையும் ஒரே முடிவால் தீர்க்கக்கூடாது என்று முதலில் தீர்மானித்தோம். கோரிக்கையை ஏற்று மாற்றிவிட்டால் ஆலோசகர் எதையும் கற்காமல் கடந்துபோவார். மறுத்து அவரையே தொடரச் செய்தால், அவருடைய கற்றலுக்கான விலையை ஏற்கெனவே காயப்பட்ட ஒருவர் கொடுக்க நேரிடும்.

அமர்வைத் தவறவிட்டால் மையம் ஒருமுறை அழைக்கலாம் என்று அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். அதன்படி ஆலோசகருக்குப் பதிலாக நான் அழைத்தேன். அருகில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாததால் காரணம் எதையும் குறிப்பிடாமல், தொடர விரும்பினால் அதே ஆலோசகர், வேறு ஆலோசகர், வேறு மையம் ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். சில நாட்கள் கழித்து, வேறு ஆலோசகர் வேண்டும் என்று அவர் செய்தி அனுப்பினார். துயர ஆற்றுகையிலும் பால்புதுமையினரோடு (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரோடு) பணிபுரிவதிலும் முறையான பயிற்சி பெற்றிருந்த ஒருவரிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். அந்த ஆலோசகரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

முதல் ஆலோசகருக்குத் தண்டனையாக இல்லாமல், மேற்பார்வையின் ஒரு பகுதியாக ஒரு கற்றல் திட்டம் வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் அவர் தயங்கினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகு தம்மை மாணவராக உட்கார வைப்பது இழிவு என்று நினைத்தார். அவருடைய தயக்கத்தைக் குறைத்தது, எதிர்பாராத விதமாக, ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 2021இல் தன்பாலீர்ப்புப் பெண் இணையர் ஒருவரின் பாதுகாப்புக் கோரிக்கையை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாகக் கூறி, தீர்ப்பெழுதும் முன் உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். அந்த ஆணையிலேயே, பாலீர்ப்பை மருத்துவ வழியில் மாற்ற முயலும் தொழில்முறையாளர்மீது உரிமத்தைத் திரும்பப் பெறுவது உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறினார். நீதிபதிக்கு இழிவாகத் தோன்றாதது ஆலோசகருக்கு ஏன் இழிவாக வேண்டும் என்று அவரே பிறகு கேட்டுக்கொண்டார்.

திட்டத்தின் இடையில் அவர் எழுப்பிய மறுப்பு ஒன்றை விரிவாகப் பதிவு செய்ய வேண்டும். ஏனெனில் நல்லெண்ணம் கொண்ட பலரும் இதையே சொல்கிறார்கள். “மாற்ற முடியுமா என்று கேட்டவர் அவர்தான். ஆலோசனை பெறுபவரின் விருப்பத்தை மதிப்பது என் கடமை அல்லவா?” என்பதே அந்த மறுப்பு.

துறையின் வரலாற்றில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1957இல் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரும் எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரும் எழுதிய உளவியல் சோதனை முடிவுகளை, யாருடையது எது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 1980இல் வெளிவந்த அடுத்த பதிப்பில், தம் ஈர்ப்பு தமக்கே ஒவ்வாமல் துன்புறுபவர்களுக்கென்று தனி வகை ஒன்று இடம்பெற்றது. 1987இல்தான் அது கைவிடப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய் வகைப்பாட்டிலிருந்து விலக்கியபோதும் அதற்கு இணையான வகை தங்கிவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில்தான் அது மறைந்தது. ‘நோய் அல்ல, ஆனால் அவரே துன்பப்படுகிறாரே’ என்ற வாசல் வழியாகப் பழைய பார்வை பல ஆண்டுகள் உள்ளே வந்துகொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள். அந்தத் துன்பத்தின் பெரும்பகுதி ஈர்ப்பிலிருந்து எழுவதல்ல, ஒளித்து வாழ்வதிலிருந்தும், நிராகரிப்பை எந்நேரமும் எதிர்பார்த்திருப்பதிலிருந்தும், சுற்றத்தின் வெறுப்பைத் தம்முள்ளேயே வாங்கிக்கொள்வதிலிருந்தும் எழுவது என்பதை இலன் மேயர் 2003இல் எழுதிய சிறுபான்மை அழுத்தம் பற்றிய ஆய்வுரை தெளிவாக விளக்குகிறது.

மாற்ற முடியும் என்பதற்குச் சான்றாக ஆலோசகர் நினைவுகூர்ந்ததும் 2003இல் வெளியான, மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் ஆய்வுதான். 1973 நீக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் அவர் என்பதால் அந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு கிடைத்தது. ஆனால் அது, மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் கூற்றையே முடிவாகக் கொண்டது. அந்தக் கூற்றுகள் உண்மையா என்று அறிய வழி இல்லை என்பதை ஏற்று, 2012இல் ஸ்பிட்சரே வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அவற்றால் தீங்கு நேரும் அபாயம் உண்டு என்றும் முடிவுக்கு வந்தது.

ஆகவே, மாற்ற முடியுமா என்று கேட்பவரின் விருப்பத்தை மதிப்பது என்பது, முதலில் உண்மை நிலையை அவரிடம் சொல்வதும், பிறகு எந்தச் சுமை அவரை அப்படிக் கேட்க வைத்தது என்று அறிவதும் ஆகும். கேட்டதைக் கொடுப்பது மட்டுமே மதிப்பு என்றால், பசியின்றி மெலிந்திருக்கும் ஒருவர் இன்னும் எடை குறைக்க வழி கேட்டாலும் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஆலோசகர் இந்த விளக்கத்தை உடனே ஏற்கவில்லை. இரண்டாம் அமர்வின் ஒலிப்பதிவைத் தாமே மீண்டும் கேட்ட பிறகு ஏற்றார்.

தொடர்ந்து நடந்தவை

புதிய ஆலோசகரிடம் ஆலோசனை பெறுபவர் பல மாதங்கள் வந்தார். ஈர்ப்பை மாற்றும் பேச்சு இரண்டாவது சந்திப்பில் ஒருமுறை எழுந்தது. ஆலோசகர் நேரடியாக விடை சொன்னார், அதன்பின் எழவில்லை. தூக்கம் மெல்லச் சீரானது. தம் சகோதரியிடம் மட்டும் பிரிவைப் பற்றிச் சொன்னார். பெற்றோரிடம் சொல்வதில்லை என்ற முடிவையும் அவரே எடுத்தார். சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் தூண்டவில்லை. அதுவும் இன்னொரு வகைத் திணிப்பாகவே முடிந்திருக்கும்.

முறையான புகார் அளிக்கும் உரிமை அவருக்கு விளக்கப்பட்டது, வேண்டாம் என்றார். ஆனால் ஒன்றை முதல் ஆலோசகரிடம் சேர்க்கச் சொன்னார்: “நான் ஒருவரை இழந்துவிட்டேன் என்று சொன்னேன். அடுத்த கேள்வி என் அப்பாவைப் பற்றி வந்தது.” ஆலோசகர் நேரில் வருத்தம் தெரிவிக்க விரும்பினார், ஆலோசனை பெற்றவர் அதற்கு இசையாததால் அது நடக்கவில்லை.

அந்த ஆலோசகரின் சொந்த நம்பிக்கைகள் மாறிவிட்டன என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய பிந்தைய பதிவுகளில் மாறியிருப்பது நடைமுறை: பிரிந்தவரின் பாலினத்தை அவர் ஊகிப்பதில்லை, துயரத்தைக் கொண்டுவருபவரிடம் துயரத்தையே பேசுகிறார். அங்கீகரிக்கப்படாத துயரம் பற்றிய தம் பாடத்தில் தன்பாலிணையரின் பிரிவையும் இப்போது சேர்த்திருக்கிறார்.

கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்ன மூத்த ஆலோசகரிடம் தனியே பேசப்பட்டது. இந்த நடவடிக்கைகள் எல்லாம் ஆலோசகரின் மனச்சான்றில் தலையிடுபவை என்று கூறி, சில காலத்துக்குப் பின் அவர் மையத்தை விட்டு விலகினார். இளம் ஆலோசகர் தொடர்ந்து பணிபுரிகிறார். ஆனால் கலந்தாய்வுக் கூட்டங்களில் முன்பைவிடக் குறைவாகவே பேசுகிறார். அவரைப் பொறுத்தவரை இது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

மாற்றப்பட்டவையும் மாற்ற வேண்டியவையும்

பதிவுப் படிவத்தில் மண நிலையோடு, துணை உண்டா என்பதும், விரும்பினால் நிரப்பலாம் என்ற குறிப்போடு பாலீர்ப்பும் சேர்க்கப்பட்டன. எளிதில் செய்யக்கூடிய மாற்றம் என்பதால்தான் இது முதலில் நடந்தது. படிவம் திருந்தியதால் கேள்வி கேட்பவர் திருந்திவிடுவதில்லை.

மாற்றி அனுப்பக் கோரும் தாளில் இரண்டு வினாக்கள் சேர்ந்தன. இதே அளவு அறியாத வேறொரு பொருளில் என்ன செய்தீர்கள், இங்கே அதைச் செய்யத் தடை என்ன என்பவை அவை. இதுவரை வந்த கோரிக்கைகளில் சில, இந்த வினாக்களை எழுதி முடிக்கும் முன்பே திரும்பப் பெறப்பட்டன. மேற்பார்வையில், வந்தவர் கொண்டுவந்த பொருளிலிருந்து அமர்வின் பொருள் விலகியிருந்தால், அந்த விலகலை யார் தொடங்கினார் என்று ஒலிப்பதிவைக் கேட்டே கண்டறிவது வழக்கமாகியிருக்கிறது. வராமல் போனவர்களை அழைப்பது இப்போது எப்போதும் வேறொருவரின் பொறுப்பு. ஆலோசகர்களுக்கு அவர்களுடைய ஈர்ப்பின் அடிப்படையில் பணி ஒதுக்குவதில்லை என்பதும், உடன்பணியாளரின் அந்தரங்கத்தைக் கூட்டத்தில் மறைமுகமாகச் சொல்வதும் நெறிமீறல் என்பதும் எழுத்தில் இடம்பெற்றன.

இன்னும் முடியாதது புகார் வழி. இப்போதைய ஏற்பாட்டில் புகார் மேற்பார்வையாளரிடமே, அதாவது என்னிடமே வருகிறது. மையத்துக்குள் இருக்கும் ஒருவரிடம் மையத்தைப் பற்றிப் புகார் சொல்ல எத்தனை பேர் துணிவார்கள் என்பது ஐயத்துக்குரியது. வெளியாள் ஒருவரிடம் நேரே செல்லும் வழியை வகுக்கும் வரைவு நிர்வாகக் குழுவிடம் உள்ளது. அந்த வெளியாளுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்கும் அனுமதி தரலாமா என்ற ஒரு பிரிவில் மட்டும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆலோசனை பெறுபவரின் தனி ஒப்புதலோடு, குறிப்பிட்ட அமர்வுகளை மட்டும் கேட்கலாம் என்ற திருத்தத்தை நான் முன்வைத்திருக்கிறேன்.